கலப்பதும் கரைவதும்

 

குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய எவரும் 'யர்மலூன்' என்ற சொல்லை இலகுவில் மறந்திருக்க மாட்டார்கள். யா, ரா, மீம், லாம், வாவ், நூன் ஆகிய ஆறு எழுத்துக்களையும் மனனமிடுவதற்காக உஸ்தாதுமார் கோத்துத் தந்த சொல் அது. ஸுகூன் பெற்ற நூனுக்கோ தன்வீனுக்கோ பின்னால் இந்த ஆறில் ஒன்று வருமானால், அந்த நூன் தன் சொந்த ஓசையை விட்டுவிட்டுப் பின்னால் வருகின்ற எழுத்துக்குள் புகுந்துகொள்கின்றது. 'மின் ரப்பிஹிம்' என்று எழுதப்பட்டிருப்பதை 'மிர்ரப்பிஹிம்' என்று ஓதுகின்றோம். இதற்குத்தான் இத்காம் என்று பெயர். அகராதியிலே இத்காம் என்றால் ஒன்றை இன்னொன்றினுள் புகுத்துதல். குதிரையின் வாயில் கடிவாளத்தை இடுவதற்கும் அரபிகள் இதே சொல்லை வழங்கினார்கள்.

மொழியியல் படித்தவர்கள் இத்தகைய மாற்றத்தை 'அசிமிலேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லால் குறிக்கின்றார்கள். அதே சொல்லை உங்கள் பிள்ளையின் விஞ்ஞான ஆசிரியரும் சொல்வார். அவர் பேசுவது உண்ட உணவு உடலாக மாறுவதைப் பற்றி. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் உளவியல் விரிவுரையாளரும் சொல்வார். அவர் பேசுவது குழந்தையின் அறிவு வளர்வதைப் பற்றி. பத்திரிகையிலே சமூகவியலாளர் எழுதுவார். அவர் பேசுவது சிறிய சமூகமொன்று பெரிய சமூகமொன்றுக்குள் சேர்ந்து மறைவதைப் பற்றி. லத்தீன் மொழியில் 'சிமிலிஸ்' என்றால் ஒத்தது. அந்த வேரிலிருந்து வந்ததால் 'ஒன்றைப் போல ஆக்குதல்' என்பதுதான் இச்சொல்லின் மூலக்கருத்து. எந்தத் துறையில் வந்தாலும் அது நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: யார் யாரைப் போல ஆகின்றார், எதனை விட்டுக் கொடுத்து?

இந்தச் சொல்லாராய்ச்சி இம்மாதம் எதற்கு என்று கேட்பீர்கள். கண்டி மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம்தான் காரணம். அவருடைய மகள் சிங்கள மொழிமூலப் பாடசாலையொன்றில் தரம் எட்டில் கற்கின்றாள். கெட்டிக்காரி. தொழுகை தவறுவதில்லை, ஓதலிலும் குறைவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தாலும் சிங்களம்தான். உம்மம்மாவோடு அவள் பேச வேண்டுமானால் இடையில் உம்மா நின்று மொழிபெயர்க்க வேண்டியிருக்கின்றது. அண்மையில் பாடசாலை வாயிலில் வைத்து, "கூட்டாளிமார் இருக்கும்போது என்னோடு தமிழில் பேச வேண்டாம்" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். "நாங்கள் கரைந்து போய்க்கொண்டிருக்கின்றோமா? இதற்கு மார்க்கம் என்ன சொல்கின்றது?" என்று அச்சகோதரி கேட்டிருக்கின்றார்.

இவ்வளவு சொற்களில் கேட்டதற்கு 'ஆகும்', 'ஆகாது' என்று ஒரு வரியில் பதில் எழுதினால் அது அவரை அவமதிப்பதாகும். எனவே சற்றுச் சுற்றி வருவோம்.

முதலில் தஜ்வீதையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்காம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. லாமிலும் ராவிலும் புகும் நூன் முற்றாக மறைந்துவிடுகின்றது. அது இத்காம் காமில். யாவிலும் வாவிலும் புகும் நூன் அவ்வாறு மறைவதில்லை. அதன் குன்னா, அதாவது மூக்கோசை, எஞ்சி நிற்கின்றது. 'மன் யகூலு' என்பதை 'மய்யகூலு' என்று ஓதும்போது நூன் போய்விட்டது, ஆனால் அது வந்து போன தடம் மூக்கில் கேட்கின்றது. இது இத்காம் நாகிஸ். தொண்டையிலிருந்து பிறக்கும் ஆறு எழுத்துக்களின் முன்னாலோ நூன் அசைவதேயில்லை, தெளிவாக ஒலிக்கின்றது. அருகில் பிறப்பவை கலக்கின்றன, தூரத்தில் பிறப்பவை தத்தம் இடத்தில் நிற்கின்றன என்று உலமாக்கள் இதற்குக் காரணம் கூறுவர்.

இன்னுமொரு நுட்பமும் உண்டு. 'துன்யா' என்ற சொல்லில் நூனுக்குப் பின்னால் யா வருகின்றது. விதிப்படி 'துய்யா' என்று ஆகியிருக்க வேண்டும். ஆனால் எவரும் அப்படி ஓதுவதில்லை. துன்யா, புன்யான், கின்வான், ஸின்வான் ஆகிய சொற்களில் நூனும் யாவும், நூனும் வாவும் ஒரே சொல்லுக்குள் வருவதால் அங்கே இத்காம் கிடையாது. கலந்தால் சொல்லின் உருவம் சிதைந்து இது எந்தச் சொல் என்று அறிய முடியாமற் போய்விடும் என்பதே காரணம். ஸூரத்துல் கியாமாவிலே 'மன் ராக்' என்ற இடத்தில் இமாம் ஹஃப்ஸ் (ரஹ்) அவர்களின் ஓதல் முறைப்படி மூச்சை விடாமல் ஒரு சிறு தரிப்புச் செய்கின்றோம். அது ஸக்தா. அந்தச் சிறு தரிப்பு இல்லாவிட்டால் இரு சொற்களும் ஒட்டி வேறொரு சொல்லாகக் கேட்கும். ஆக, கலப்பதற்கு விதி வகுத்த அதே இல்மு, பொருள் கெடும் இடத்தில் நிறுத்தவும் விதி வகுத்திருக்கின்றது.

நமது தமிழுக்கும் இது புதிதன்று. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். மகரம் தன் உருவை மாற்றிக்கொண்டது, ஆயினும் மூக்கொலி என்ற தன் இனத்தை விடவில்லை. நல் என்பதோடு நூல் சேர்ந்தால் நன்னூல். பவணந்தி முனிவரின் இலக்கண நூலின் பெயரே புணர்ச்சியில் பிறந்த பெயர்தான்!

உணவின் கதையை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. உண்ட மீன் சமிபாடடைந்து, குடலில் அகத்துறிஞ்சப்பட்டு, பின்னர் நமது தசையாக மாறுகின்றது. உடல் மீனின் புரதத்தை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வதில்லை. அதை அமினோவமிலங்களாக உடைத்துத் தன் தேவைக்கேற்ப வேறு புரதம் கட்டுகின்றது. இங்கே மீன் நாமாகின்றது, நாம் மீனாவதில்லை. சமூகங்களைப் பற்றிப் பேசும்போது சிலர் மனதில் வைத்திருப்பது இந்த உருவகத்தைத்தான். பெரியது உண்ணும், சின்னது உணவாகும். மனிதர்களுக்கு இவ்வுருவகம் பொருந்தாது என்பது என் அபிப்பிராயம்.

சுவிற்சர்லாந்து நாட்டு உளவியலாளர் ஜீன் பியாஜே (1896–1980) இதே சொல்லை எடுத்து, அதனோடு இன்னொரு சொல்லையும் சேர்த்தார். மாட்டை மட்டும் அறிந்த குழந்தை ஆட்டைக் கண்டதும் 'மாடு' என்கின்றது. புதியதைத் தன் பழைய அறிவுக்குள் போட்டுக்கொள்கின்றது. இது தன்மயமாக்கல். பிறகு கொம்பையும் தாடியையும் கவனித்து, இது வேறு என்று தன் அறிவையே திருத்திக்கொள்கின்றது. இதனைத் தன்னமைவாக்கல் என்று ஆசிரியர் கலாசாலைகளில் படிப்பிக்கின்றார்கள். இரண்டும் சேர்ந்துதான் குழந்தை வளர்கின்றது. புதியதை உள்ளே எடுக்கும் மனம் தானும் மாற வேண்டும் என்ற இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, நம் கிதாபுகள் தண்ணீரைப் பற்றிச் சொல்லும் சட்டத்துக்கு வருவோம். சிறு வயதில் தஹாரத் பாடத்தில் ஓதியிருப்பீர்கள். ஷாபிஈ மத்ஹபின்படி, சுத்தமான ஒரு பொருள் தண்ணீரில் கலந்து அதன் நிறத்தையோ சுவையையோ மணத்தையோ அதிகமாக மாற்றி, 'தண்ணீர்' என்ற பெயரையே போக்கிவிட்டால், அது சுத்தமானதுதான், ஆனால் அதனால் வுழூச் செய்ய முடியாது. தேநீரைக் குடிக்கலாம், அதைக்கொண்டு முகம் கழுவித் தொழ முடியுமா? ஆனால் குளத்துநீர் தான் தங்கி நிற்கும் மண்ணாலும் பாசியாலும் மாறினாலோ, நீண்ட நாள் தேங்கி நின்று மாறினாலோ அதில் குற்றமில்லை. அது தவிர்க்க முடியாத மாற்றம். அதேபோன்று கரையாத சந்தனக் கட்டையொன்று கிடந்து நீர் மணத்தாலும் அது வுழூவுக்கு உரிய நீர்தான். இப்படிப்பட்ட பொருளை 'முஜாவிர்' என்கின்றார்கள். கலந்துவிடும் பொருள் 'முகாலித்'. முஜாவிர் என்றால் அயலில் இருப்பது. அயல்வீட்டானுக்கு வழங்கும் 'ஜார்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

இன்னொரு பக்கம், பொருள் முற்றாக வேறொன்றாகிவிடும் 'இஸ்திஹாலா' என்ற பாடம் இருக்கின்றது. மது தானாகவே வினாகிரியாக மாறிவிட்டால் அது ஹலாலாகின்றது. உப்பளத்தில் விழுந்த கழுதை முழுவதும் உப்பாகிவிட்டால் என்ன சட்டம்? ஹனபி மத்ஹபில் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்துப்படி அது உப்புத்தான். ஷாபிஈ மத்ஹபில் வாசல் அவ்வளவு அகலமில்லை. இந்தக் கழுதையை நமது மத்ரஸா மாணவர்கள் சிரித்துக்கொண்டே ஓதுவார்கள். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதன்று. எந்தக் கட்டத்தில் பழைய பெயர் போய்ப் புதிய பெயர் வருகின்றது என்பதே அது.

இதே கேள்வியை ஒரு முழுச் சமூகத்தின் மீது வாளைக் காட்டிக் கேட்ட சரித்திரம் ஸ்பெய்னில் இருக்கின்றது. 1492 ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. மார்க்கம், பள்ளிவாசல், சட்டம் யாவும் பாதுகாக்கப்படும் என்று சரணடைந்தபோது உடன்படிக்கை எழுதப்பட்டிருந்தது. பத்து வருடங்கள் கூட அது நிலைக்கவில்லை. 1499 முதல் கிரனாடாவில் கட்டாய ஞானஸ்நானம் தொடங்கியது, அரபு நூல்கள் தீயிடப்பட்டன. 1502இல் காஸ்டீல் பகுதியிலும் 1526இல் அரகோன் பகுதியிலும் முஸ்லிம்களுக்கு மதம் மாறுவது அல்லது வெளியேறுவது என்ற இரண்டையன்றி வேறு வழி விடப்படவில்லை. மாறியவர்களை 'மொரிஸ்கோ' என்று அழைத்தார்கள். அதாவது கிறிஸ்தவரான பின்னும் 'கிறிஸ்தவர்' என்ற பெயர் அவர்களுக்குத் தனியே கொடுக்கப்படவில்லை. இந்த இடத்தைக் கவனியுங்கள்.

இவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதில் அன்றைய மக்ரிப் உலமாக்கள் ஒருமித்து இருக்கவில்லை. அல்வன்ஷரீஸீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரத் செய்வதே கடமை என்று கண்டிப்பாகத் தீர்ப்பளித்தார்கள். 1504இல் வஹ்ரான் நகரைச் சார்ந்த மற்றோர் அறிஞர் வெளியேற வழியில்லாதவர்களுக்கு வேறு விதமாக எழுதினார். பகலில் தொழ முடியாவிட்டால் இரவில் தொழுங்கள், சைகையாலாவது தொழுங்கள், வாயால் சொல்ல நிர்ப்பந்திக்கப்படுவதை உள்ளத்தால் மறுத்துக்கொள்ளுங்கள் என்பது அவருடைய பத்வாவின் சாரம். அந்தப் பத்வாவின் பிரதிகள் ஸ்பெய்னுக்குள் இரகசியமாகக் கைமாறின.

1567இல் இரண்டாம் பிலிப் மன்னனின் ஆணை கிரனாடாவில் பறையறையப்பட்டது. அரபு பேசக்கூடாது, எழுதக்கூடாது. மூன்று வருடங்களுக்குள் காஸ்டீலிய மொழி கற்றுக்கொள்ள வேண்டும். மூரிஷ் உடை கூடாது, பெண்கள் முகம் மறைக்கக்கூடாது, பொதுக் குளிப்பிடங்கள் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும்! இதை எதிர்த்து பிரான்சிஸ்கோ நூனெஸ் மூலே என்ற முதிய மொரிஸ்கோ பிரமுகர் சமர்ப்பித்த மகஜர் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றது. அவருடைய வாதம் எளியது. எங்கள் உடை இந்தப் பிரதேசத்தின் உடை, மார்க்கத்தின் உடையன்று. மால்ட்டா தீவாரும் கிழக்குத் தேசத்துக் கிறிஸ்தவர்களும் அரபு பேசுகிறார்களே, அதனால் அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்றாகுமா? மொழி வேறு, மார்க்கம் வேறு என்று அவர் சொன்னது ஏறவில்லை. 1568 இறுதியில் அல்புஹர்ராஸ் மலைகளில் கிளர்ச்சி வெடித்து 1571 வரை நீடித்தது. தோற்றவர்களை ஊர் ஊராகச் சிதறடித்தார்கள். ஈற்றில் 1609 முதல் 1614 வரை சுமார் 3 இலட்சம் மொரிஸ்கோக்களை நாட்டை விட்டே துரத்தினார்கள்.

துரத்தப்பட்டவர்கள் யார்? இரகசியமாகத் தொழுதவர்கள் மட்டுமா? இல்லை. அரபு ஒரு சொல்லும் அறியாதவர்களும், உளமாரக் கிறிஸ்தவர்களாகிவிட்டவர்களும் அவர்களோடு துரத்தப்பட்டார்கள். ஏனெனில் அதற்கு வெகு முன்னரே, 1449இல் டொலேடோ நகரில் மதம் மாறிய யூதர்களுக்கு எதிராகத் தொடங்கிய 'இரத்தச் சுத்தம்' என்ற சட்டம் அங்கே வேரூன்றியிருந்தது. நம்பிக்கையை மாற்றலாம், மொழியை மாற்றலாம். இரத்தத்தை எப்படி மாற்றுவது? கரைந்துவிடு என்று கட்டளையிட்டவர்களே, கரைந்தவரைப் பார்த்து நீ கரையவில்லை என்றும் சொன்னார்கள். துனீசியாவில் கரையேறியபோது அவர்களிற் பலர் ஸ்பானிய மொழியே பேசினார்கள் என்பது இன்னொரு வேதனை. அங்கு சிலர் தமது மார்க்க நூல்களைக் கூட ஸ்பானிய மொழியில்தான் எழுத வேண்டியிருந்தது.

இந்த மக்கள் விட்டுச் சென்ற ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. அரபு மொழி மறந்துபோன பின்னரும் அரபு எழுத்தை அவர்கள் கைவிடவில்லை. தங்கள் ஸ்பானியப் பேச்சை அரபு எழுத்தில் எழுதினார்கள். அதற்கு 'அல்ஹமியாதோ' என்று பெயர். 'அஜமிய்யா' என்ற அரபுச் சொல்லின் திரிபே அது. 1884இல் அல்மொனாஸித் டி லா சியெர்ரா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, போலித் தளமொன்றின் கீழே மறைத்து வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகள் குவியலாகக் கிடைத்தன. கிடைத்தவற்றிற் சில அதன் பெறுமதி தெரியாதவர்களின் கையில் அழிந்தன. நமது அரபுத் தமிழும் இதே வகையினதுதான். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் அரபுத் தமிழ்க் கிதாபுகளை நமது உம்மம்மாமார் ஓதி வந்ததை வாசகர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். ஒரு வித்தியாசம் மட்டும்: ஸ்பெய்னில் அது ஒளித்து வைக்கப்பட்ட எழுத்து, இங்கே அது முற்றத்தில் பாயில் அமர்ந்து சத்தமாக வாசிக்கப்பட்ட எழுத்து.

இலங்கையில் நமது சமூகத்தைப் பற்றிய விவாதம் 1880களில் சூடு பிடித்தது. பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1885இல் சட்டசபையிலும், 1888இல் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையிலும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே முஸ்லிம்கள் என்று வாதித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அவர்களின் மறுப்பு 1907இல் நூலாக வெளிவந்தது. அரபு வம்சாவளியை அவர் வலியுறுத்தினார். சட்டசபை ஆசனம் என்ற அன்றைய அரசியல் பின்னணியை விட்டுவிட்டு இந்த விவாதத்தைப் படிக்க முடியாது. 1889இல் முஸ்லிம்களுக்கென முதல் உறுப்பினர் நியமிக்கப்பட்டார். ஒருவர் நாவைப் பார்த்தார், மற்றவர் இரத்தத்தைப் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகின்றது. குளத்துநீர் மண்ணின் நிறம் பெற்றிருக்கின்றது, ஆயினும் அது தண்ணீர்தான் என்று சொல்ல இருவருக்கும் அன்றைக்கு அவகாசமிருக்கவில்லை.

பேசும் மொழி நம்மைக் காப்பாற்றும் என்று நம்புவோரும், பேசும் மொழியால் நாம் அழிவோம் என்று அஞ்சுவோரும் ஒன்றை யோசிக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்கள் தமிழ் பேசியவர்கள். 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் தாக்கப்பட்ட குடும்பங்களிற் பலர் சிங்களத்தைச் சரளமாகப் பேசுகிறவர்கள். திகனைப் பகுதியில் சிங்கள அயலவர்கள் சிலர் முஸ்லிம்களுக்குத் தம் வீட்டில் அடைக்கலம் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2020 முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட் தொற்றால் மரணித்த நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது, மையித்தின் வீட்டார் எந்த மொழியில் மன்றாடினார்கள் என்று எவரும் கேட்கவில்லை. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. பியாஜே சொன்ன இரண்டாவது சொல் இங்கேதான் தேவைப்படுகின்றது. சிறியவர் மட்டும் மாறிக்கொண்டு பெரியவரின் மனத்தில் ஒரு திருத்தமும் நிகழாவிட்டால், எவ்வளவு மாறினாலும் போதாது. அந்தத் திருத்தம் சில இடங்களில் சத்தமில்லாமல் நடந்தும் இருக்கின்றது. மலாய் மக்கள் கொண்டுவந்த வட்டலப்பத்தை இன்று இந்நாட்டில் எவர்தான் அந்நியப் பண்டம் என்கின்றார்?

அப்படியானால் பிறரிடமிருந்து எடுப்பதில் மார்க்கத்தின் நிலைப்பாடு என்ன? பிறரைப் போல ஆகுபவன் அவர்களைச் சார்ந்தவன் என்ற கருத்துள்ள ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியிருக்கின்றது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்பளிப்போர் நம்மிடையே உண்டு. ஆனால் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கைகள் ஒடுங்கிய ஷாம் தேசத்து ஜுப்பாவை அணிந்திருந்ததாக முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அறிவிக்கின்றார்கள். முத்திரையில்லாத கடிதத்தை ரோமர் வாசிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது நபியவர்கள் வெள்ளியில் முத்திரை மோதிரம் செய்துகொண்டார்கள். வழக்கம் அந்நியருடையது; அதில் பொறிக்கப்பட்டதோ அல்லாஹ்வின் தூதர் என்ற சாட்சியம். யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களுக்குப் பணித்தார்கள். அரை மாத அளவில் அவர் அதைக் கற்றுத் தேர்ந்தார். எனவே, அடுத்த சமூகத்தின் வணக்கத்துக்கும் அடையாளச் சின்னத்துக்கும் உரியவற்றை எடுப்பது ஒன்று, பொதுவான பயனுள்ள வழக்கங்களை எடுப்பது வேறு.

இடையில் ஒரு சொல். கரைதல் என்றால் சிங்களத்திலோ தமிழிலோ கரைவது மட்டும்தான் என்று எண்ணக்கூடாது. வளைகுடா நாட்டு வழக்கம் ஒவ்வொன்றையும் மார்க்கம் என்று இறக்குமதி செய்வதும் கரைதலே. அவ்ரத்தை மறைக்கும் எந்த உடையும் ஆகும். அபாயா அணிவோர் அணியட்டும். ஆனால் சேலை முந்தானையால் தலையை மூடி, முக்காடிட்டு வாழ்ந்து மறைந்த நமது மூத்தம்மாமார் ஜாஹிலிய்யத்தில் இருந்தார்கள் என்று பேசுவது அறியாமை. அவர்களின் தஹஜ்ஜுத் தொழுகை நமக்கு வாய்க்குமா?

இனி அச்சகோதரிக்கு. உங்கள் மகள் சிங்களத்தில் கற்பது பாவமன்று. அது அவளுக்கும் சமூகத்துக்கும் தேவையான ஒரு திறமை. இன்று அல்குர்ஆனின் கருத்து சிங்களத்தில் அச்சாகி வருகின்றது, சில பள்ளிவாசல்களில் சிங்களத்தில் குத்பா நடைபெறுகின்றது. தமிழை விட்டால் ஈமான் போய்விடும் என்று எவரும் உங்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை. தமிழும் நம்மிடம் ஒரு காலத்தில் வந்து சேர்ந்த மொழிதான். நமது மலாய் சகோதரர்களைப் பாருங்கள். 1869இல் கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை அரபு எழுத்தில் நடத்திய சமூகம் அது. இன்று அக்குடும்பங்களிற் பலருக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. அவர்கள் மார்க்கத்தை இழக்கவில்லை. ஆனால் பாட்டனாரின் கடிதம் வீட்டில் இருந்தும் பேரனுக்கு அது வெறும் கோடுகள்.

ஆகவே உங்கள் வீட்டில் நான் காண்கின்ற ஆபத்து வேறு இரண்டு. ஒன்று, உம்மம்மாவுக்கும் பேத்திக்கும் இடையில் பேச்சு அறுந்திருப்பது. இது அடையாளப் பிரச்சினை என்பதைவிட ஸிலத்துர் ரஹ்ம் சம்பந்தப்பட்ட விடயம். உறவைச் சேர்ந்து நடத்தல் நாவில்லாமல் எப்படி? மற்றது, பாடசாலை வாயிலில் அவள் சொன்ன வார்த்தை. ஒரு மொழியைக் கூட்டிக்கொள்வதில் குற்றமில்லை. பெற்றவளின் பேச்சை மறைக்க வேண்டியதாக அவள் எண்ணத் தொடங்கிவிட்டாள் என்றால், அங்கே ஒரு ஸக்தா தேவைப்படுகின்றது. அதற்காக அடிக்கவோ பாடசாலையை மாற்றவோ வேண்டாம். வாயிலில் நீங்கள் சிங்களத்திலேயே பேசுங்கள், தோழிமாரை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து உணவளியுங்கள், அப்போது உம்மம்மாவும் உடனிருக்கட்டும். அவர் தமிழில் பேசுவதைத் தோழிமாருக்கு உங்கள் மகள் மொழிபெயர்க்கட்டும். இப்போது நீங்கள் செய்கின்ற அந்த வேலையை அவள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அதோடு இன்னொன்று. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அவளை உம்மம்மாவின் அருகில் உட்கார வைத்து, உம்மம்மாவுக்குத் தெரிந்த தாலாட்டு, விடுகதை, மருந்துக் கைமுறை, எவருக்கு எவர் என்ன முறை என்ற உறவுக் கணக்கு ஆகியவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். தமிழ் எழுத்து இன்னும் சரியாக வராதாகையால் சிங்கள எழுத்திலேயே தமிழை எழுதட்டும். அரபு எழுத்தில் தமிழை எழுதியவர்களின் பேத்திக்கு இது முடியாத காரியமா? சிங்களத்தில் ழகரத்துக்கு என்ன செய்வது என்று அவள் கேட்பாள். அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஓசைகளுக்கு நமது ஆலிம்கள் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டார்கள். அவளும் பொருத்தமான இடத்தில் ஒரு புள்ளியை வைத்துக்கொள்ளட்டும்.